முந்தின நாள் படம்

நான் மழை சொல்கிறவன் இல்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அரசாங்கத்தின் வானிலை செயற்கைக்கோளை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும், அதன் கேமரா மேகத்தை ஒழுங்காகப் படம் பிடிக்கிறதா என்று பார்ப்பதும்தான் என் வேலை. கடைசிச் சில வருடங்கள் அந்தப் பிரிவுக்கே தலைவன். படத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்பவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். ஆனால் திருவண்ணாமலைக்கு வந்தால் யார் கேட்கிறார்கள்? "கடைக்குக் கூரை மாத்தணும் சார், ரெண்டு நாளு மழய கொஞ்சம் புடிச்சி வைங்க" என்று அடி அண்ணாமலை டீக்கடைக்காரர்கூடக் கிண்டல் செய்வார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

என் தம்பி கிண்டல் செய்ததில்லை. நம்பினான். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் நிலத்தில் அவன்தான் மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்தான். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதுதான் எங்களுக்கு மல்லாட்டை. பிடுங்கிப் போட்டால் செடியோடு மூன்று நான்கு நாள் வெயிலில் காய வேண்டும். அதற்குள் மழை பிடித்தால் காயெல்லாம் முளைத்துப் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் பிடுங்குவதற்கு முன்னால் எனக்குப் போன் வரும். நானும் பெரிய மழைக்காரனைப் போலப் பதில் சொல்வேன். பல வருடம் அது பலித்தும் வந்தது.

அந்த ஆவணியில் அவனுக்கு வேறு கவலையும் இருந்தது. சுற்றிலும் நிலமெல்லாம் மனையாகிக் கல் நட்டாகிவிட்டது. நாமும் விற்றுவிடலாம் என்று அவன் மனைவி பிடிவாதமாக இருந்தாள். "இந்த ஒரு போகம் பாப்போம். நல்லா வந்துச்சுன்னா விக்கிற பேச்ச எடுக்கக் கூடாது" என்று சொல்லி அவளை ஒப்புக்கொள்ள வைத்திருந்தான். காய் நன்றாகவே பிடித்திருந்தது.

காலையில் நான் ஆபீஸில் இருந்தபோது கூப்பிட்டான்.

"அண்ணா, புடுங்கறதுக்கு ஆளுங்க வந்துட்டாங்க. செல்லுல மழ வரும்னு போட்டிருக்கான். நீ என்னா சொல்ற?"

என் அறைச் சுவரில் பெரிய திரை. வட தமிழ்நாடு முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அவன் கெடக்கறான். நான் படத்த நேராவே பாத்துக்கினு இருக்கேன். ஒரு பொட்டு மேகம் இல்ல. புடுங்கச் சொல்லு."

"சரிணா. நீ சொன்னா போதும்."

செயற்கைக்கோள் மெல்ல மெல்ல இடம் நகரும். அவ்வப்போது அதைத் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுப்பதை நிறுத்திவிடுவோம். முந்தின நாள் சாயங்காலம்தான் அப்படி நிறுத்தியிருந்தோம். உத்தரவில் கையெழுத்துப் போட்டதே நான். நிறுத்தினால் திரை இருண்டு போகாது, கடைசியாக எடுத்த படம் அப்படியே நிற்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நேரத்தைப் பார்த்தால்தான் பழசு என்று தெரியும். நேரத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்க்காதே என்று புதிதாக வருகிறவர்களை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

மதியம் புதுப் படம் வந்தது. மேகம் கடலிலிருந்து கரையேறி, கீழ்பென்னாத்தூருக்குக் கிழக்கே திரண்டு நின்றது. அந்த நேரத்துக்குப் பாதி நிலம்தான் பிடுங்கியிருப்பார்கள். உடனே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருந்தால் மீதிப் பாதி மண்ணுக்குள் இருந்து தப்பித்திருக்கும். போனைக் கையில் எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? உன் அண்ணன், இந்தப் பிரிவின் தலைவன், நேற்றைய படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான் என்றா? ஒருவேளை மேகம் ஒதுங்கிப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். வெட்கங்கெட்டவன். வேறு வார்த்தை இல்லை.

மூன்று நாள் பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நிலம் பூராவும் செடி அழுகிக் கிடந்தது. தம்பி ஒரு காயை உடைத்துக் காட்டினான். பருப்பிலிருந்து வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. விதைக்குக்கூட ஆகாது. அவன் மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"திடீர்னு உருவான மேகம்டா" என்றேன். "மேல இருந்து பாத்தாலும் சில சமயம் தெரியாது."

"வுடுணா. நீ என்னா பண்ணுவ" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

தை மாதத்துக்குள் நிலத்தை விற்றாயிற்று. மூத்தவன் என்று பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

ஓய்வு பெற்றுத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டேன். தம்பி இங்கே ஒரு லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். சாயங்காலம் போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒரு பெரியவரிடம் என்னைக் காட்டி, "எங்க அண்ணன். சாட்டிலைட்ட ஓட்டனவரு" என்றான். அவர் உடனே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார், மலைய சுத்தி வர்றதுக்குள்ள மழ வருங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். என்னைக் காப்பாற்றுகிறானாம்.

"அத அவருகிட்ட கேக்காதீங்க சார். மேல இருந்து பாத்தாலும் சில சமயம் தெரியாதுங்க. அவரே சொல்லியிருக்காரு."

பெரியவர் என்னைப் பார்த்தார். ஆமாங்க என்றேன்.