சாம்பிராணி மணக்கும் கருவாட்டுக் கடை

யாரிடமும் வழி கேட்காமலே வந்து சேரக்கூடிய கடை உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது கருவாட்டுக் கடை.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் அப்படி ஒன்றை நான் வைத்திருக்கிறேன். நெத்திலி, சாளை, காரல், வாளை, மாசி, பம்பாய்க்காரர்களுக்கு உயிரான பொம்பில், எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். நீங்கள் என்றைக்காவது வீட்டில் மீன் வறுத்து, பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்துகிற சத்தத்தைக் கேட்டிருந்தால் நாம் ஒரு சாதி. உங்களுக்கு அது ஒரு நாள் கூத்து. எனக்கு அதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் போன பிறகு இந்தக் கடை நடந்தால்தான் என் அடுப்பு எரியும்.

நம்ம ஆளு

கடைக்கு எதிரே இருந்த குடிசைகளை இடித்து ஒரு டவர் கட்டினார்கள். பாதி வீடு அங்கேயே குடியிருந்தவர்களுக்கு இலவசம், மீதி விலைக்கு. அதற்கு செகரட்டரி தங்கராசு. வெளியாள் இல்லை, நம்ம நாங்குநேரிப் பக்கம். குடிசையில் இருந்தபோது என் கடைச் சாளையை வாங்கிப்போய்ச் சுட்டு, சட்டியில் ஒட்டியதைக்கூட வழித்துத் தின்ற மனுசன். லிஃப்டில் ஏறி இறங்க ஆரம்பித்ததும் மூக்கு மட்டும் புதிதாக முளைத்துவிட்டது.

ஒருநாள் காலையில் வந்தார். கடைக்குள் வரவில்லை. நாலடி தள்ளி நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பேசியதில் முகம் சிவந்துவிட்டது. ஃப்ளாட் பார்க்க வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் திரும்ப ஏறிவிடுகிறார்களாம். ரேட் இறங்குகிறதாம். என் கடையை மார்க்கெட் கட்டிடத்தின் பின்பக்கம், கக்கூஸை ஒட்டின மூலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்த மூலைக்கு ஈகூட யோசித்துத்தான் போகும், கிராக்கி எங்கே வரும்? நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆறுதல் சொன்னார்: "கோவிச்சுக்கிடாதீங்க மைனி. வேத்தாளு பெட்டிஷன் போட்டா உங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னுதான் நானே போட்டேன்."

கையுறை

பெட்டிஷனுக்குப் பின்னாலேயே ஆபீசர் வந்தார். மராட்டிக்காரர், என்னைச் சித்தி முறை வைத்து மாவ்ஷி என்கிற நல்ல மனுசன், ஆனால் மூக்கு நீளம். சுற்றிப் பார்த்துவிட்டு, "மாவ்ஷி, நாத்தத்தைப் பத்தி அடுத்த மாசம் வந்து முடிவு சொல்றேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா கடை இங்கே இல்ல. அதுக்குள்ள மத்த சட்டமெல்லாம் ஒழுங்கா இருக்கணும்" என்றார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, பாக்கெட்டுக்குத் தேதி, நியூஸ்பேப்பரில் பொட்டலம் கட்டக்கூடாது.

சரி, சட்டம் என்றால் சட்டம். மறுநாளே வெள்ளைத் தொப்பி போட்டு, ரப்பர் கையுறை மாட்டி உட்கார்ந்தேன். முதல் கிராக்கி எங்கள் சந்தில் இட்லி விற்கிற பொன்னுத்தாய். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூட்டையிலிருந்த வாளையையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "ஏக்கா, ஆப்ரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, இல்ல புள்ள இன்னும் மயக்கத்துல கிடக்கா?"

தேதி போட்ட மாசி

அடுத்தது தேதி. மாசியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு, கட்டிய தேதி ஒன்று, எது வரைக்கும் தின்னலாம் என்ற தேதி ஒன்று, ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். பார்க்க மருந்துக்கடைச் சாமான் மாதிரி இருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வம்.

சுலைமான் பாய் வந்தார். தோல் பட்டறை வைத்திருக்கிறார், காயல்பட்டினத்துக்காரர், மாசி இல்லாமல் அவர் வீட்டு அம்மியில் சம்பல் அரைபடாது. இத்தனை வருஷமும் அவர் மாசி வாங்குகிற விதம் ஒன்றுதான். இரண்டு துண்டைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டுவார். கட்டை மாதிரி டக்கென்று கேட்டால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போது பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை. கண்ணாடியைப் போட்டு ஸ்டிக்கரை வாசித்தார். முகம் மாறிவிட்டது. "இது வர்ற வருசத்தோட செத்துப்போகும்னு நீயே எழுதியிருக்கியே" என்றார். சட்டம் பாய், எல்லாச் சாமானுக்கும் எழுதணும் என்று விளக்கினேன். அவர் பாக்கெட்டைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "தேதி போட்டது கெட்டுப்போகும் தங்கச்சி. எனக்குத் தேதி போடாததா பாத்துக் குடு."

மாட்டுங்கா சாரின் தூக்கு

பொட்டலம் பெரிய வம்பு. பிளாஸ்டிக் பை கூடாது என்று முனிசிபாலிட்டி ஆள் முன்னமே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். பேப்பர் கூடாது, மை ஒட்டும் என்று இந்த ஆபீசர். பிறகு எதில்தான் கட்ட என்றால் இரண்டு பேருமே அது தங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்கிறார்கள். கடையில், "பாத்திரம் கொண்டு வரவும்" என்று எழுதி மாட்டினேன்.

இதில் மாட்டிக்கொண்டவர் ஒரு சார். மாட்டுங்காவில் குடியிருக்கிறார். வீட்டுக்குள் பூண்டுகூட வராது. அவர் மட்டும் சீத்தா கேம்ப்பில் இருக்கிற பழைய ஆபீஸ் சிநேகிதர் வீட்டுக்கு நெத்திலி வாங்கிப்போய், குழம்பு வைக்கச் சொல்லி, சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, பாக்குப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார். முன்பெல்லாம் பேப்பர் மேல் பேப்பராகச் சுற்றி, அதற்கு மேல் காப்பித்தூள் பை போட்டு, குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுகிற மாதிரி அனுப்புவேன். இப்போது பாவம், ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். மூடி சரியாக மூடவில்லை. சாயங்காலக் கூட்டத்தில் குர்லாவில் ரயில் ஏறி மான்குர்ட் வரை இதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நடு வழியில் இறக்கிவிடப் போகிறார்கள் என்று நான் அன்றைக்குப் பூராவும் பயந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் சிரித்த முகமாக வந்தார். "மூணு பேர் உக்கார்ற சீட்டுல நாலாவதா ஒரு ஓரம் குடுன்னு இத்தனை வருஷமா கெஞ்சிண்டு போறவன் நான். தூக்கை மடியில வெச்சதும் மூணு பேரும் எழுந்து போய்ட்டா. கால் நீட்டிண்டு போனேன்" என்றார். தூக்கை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னும் கால் கிலோ சேர்த்துப் போடுங்கோம்மா, இந்தத் தடவை படுத்துண்டு போறேன்."

புதுசும் பழசும்

டவரில் வீட்டை விலைக்கு வாங்கி வந்த ஒரு பெண். ஏதோ கம்பெனியில் வேலை, கையில் போன், எதைத் தொட்டாலும் அதில் பார்த்துவிட்டுத்தான் தொடும். கேள்வி மேல் கேள்வி. எந்தக் கடல்? குட்டி மீனைப் பிடிக்கக்கூடாதாமே, இது குட்டியா, பெரிய மீனா? மருந்து தெளித்ததா? நான், "நெத்திலி பெருசானாலும் இம்புட்டுதாம்மா, அதுக்கு மேல வளரச் சொல்லி நான் எங்க போய்ச் சொல்ல?" என்றேன். ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்து உப்புப் பார்க்கச் சொன்னேன். கடித்தது, கண் விரிந்தது, பிடித்துவிட்டது.

"ஃப்ரெஷ்தானே ஆன்ட்டி?" என்று கடைசியாக ஒரு கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை. "இது செத்து, உப்புல கிடந்து, வெயில்ல காய்ஞ்சு, லாரி ஏறி வந்திருக்கும்மா" என்றேன். அது கொஞ்சமும் அசரவில்லை. "ஓகே ஆன்ட்டி, காய்ஞ்சதுலயே ஃப்ரெஷ்ஷா பாத்து அரைக் கிலோ குடுங்க. வாட்ச்மேன் கேட்டா ஊதுபத்தின்னு சொல்லிக்கறேன்."

ஆறாவது மாடி

ஆபீசர் வருகிற நாள் வந்தது. நான் ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தேன். சரக்கு இல்லை என்றால் நாத்தம் எங்கிருந்து வரும்? விடிந்ததும் மூட்டைகளை எல்லாம் வேறு எங்காவது மாற்றிவிட்டு, கடையைக் கழுவி, சாம்பிராணி போட்டுவிடுவது. எங்கே மாற்றுவது? மும்தாஜ் கை கொடுத்தாள். குடிசைக் காலத்தில் எனக்கு அடுத்த வீடு, இப்போது எதிர் டவரில் ஆறாவது மாடி. "நம்ம வீட்ல கொண்டாந்து போடுங்கக்கா, யாரு கேக்கா பாப்போம்" என்றாள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் லிஃப்டில் ஏற்றினோம்.

கிளம்பும்போது நான் சொன்ன ஒரு வார்த்தைதான் வினை. கருவாட்டுக்காரி புத்தி எங்கே போகும்? மூட்டையைக் கட்டியே போட்டால் சரக்கு வேர்த்து, புழு வைத்துவிடும். "வாயை அவுத்து விட்டுரு மும்தாஜ். கதவைத் தொறந்து வை, ஃபேனை முழுசா வை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் சொன்னபடியே செய்தாள்.

கீழே நான் போட்ட சாம்பிராணியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. ஆபீசர் இருமிக்கொண்டே உள்ளே வந்து, "சாமான் எங்கே மாவ்ஷி?" என்றார். "மழை வருதுல்ல சாஹேப், படகு போகாது, எல்லாரும் மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். மோந்து பார்த்தார். தும்மினார். தங்கராசுவுக்குத் தாங்கவில்லை. "சார், இங்க நின்னு பாத்தா தெரியாது. மேல வாங்க, எங்க மொட்டைமாடியில நின்னு பாருங்க, எப்படி ஏறி அடிக்குன்னு தெரியும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு கடலே செத்துக் கிடந்தது. ஆபீசர் கைக்குட்டையை எடுத்தார். ஒவ்வொரு மாடிக்கும் நாத்தம் கூடிக்கொண்டே போனது. ஆறாவதில் அவரே பட்டனை அமுக்கி இறங்கினார். மூக்கு அவரை நேராக மும்தாஜ் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்று ஃபேன் சுற்ற, நடு ஹாலில் என் மூட்டைகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. என் கடை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"யாரோடது இது?" என்றார் ஆபீசர்.

"வீட்டுக்குத்தான் சாஹேப். மழைக்காலத்துக்கு வாங்கி வச்சிருக்கோம்" என்றாள் மும்தாஜ்.

"இவ்வளவுமா?"

"பெரிய குடும்பம் சாஹேப்."

அவள் பின்னால் மொத்தக் குடும்பமும் நின்றுகொண்டிருந்தது. புருஷன் ஒருத்தர்தான்.

ஆபீசர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கைக்குட்டைக்குப் பின்னால் அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கராசு பக்கம் திரும்பினார். "மிஸ்டர் செகரட்டரி, வீட்டுல வாங்கி வச்சுச் சாப்பிடக்கூடாதுன்னு என்கிட்ட சட்டம் எதுவும் இல்ல. கடையில சாம்பிராணி, பில்டிங்ல கருவாடு. இப்ப நான் எதை மார்க்கெட் பின்பக்கம் மாத்த, உங்க பில்டிங்கையா?"

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் மறுபடியும் திறந்தது. ஃப்ளாட் பார்க்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, கூடவே புரோக்கர். அந்த அம்மா ஒரு கால் வெளியே வைத்தாள், அந்தக் காலை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவு மூடிவிட்டது.

ஆபீசர் படி வழியாக இறங்கிப் போனார். தங்கராசு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "மைனி, கும்பிட்டுக் கேக்கேன். பெட்டிஷனை நானே வாபஸ் வாங்கிருதேன். கருவாட்டை உங்க கடைக்கே கொண்டு போயிருங்க."

மிச்சம் இருந்தது

மேல் தட்டில் இருந்த ஒரு டப்பா மாசியை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன், தேதி போடாத மாசி. அது மூடாமல் அன்றைக்குப் பூராவும் சாம்பிராணிப் புகையிலேயே கிடந்திருக்கிறது. சுலைமான் பாய் வந்து இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்து, டக்கென்று சத்தம் கேட்டதும் சந்தோஷமாக வாங்கிப்போனார். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். கோபம் இல்லை, குழப்பம்தான். "சத்தம் சரியாத்தான் இருந்துச்சு தங்கச்சி. ஆனா அம்மியில வச்சு ஒரு தட்டுத் தட்டினதும் வீட்ல எல்லாரும் தலையில துணியப் போட்டுக்கிட்டு துஆ கேக்க உக்காந்துட்டாங்க."

ஆபீசரின் மூக்குக்கும், சட்டத்தின் தேதிக்கும், செகரட்டரியின் ஃப்ளாட் ரேட்டுக்கும், கடித்துப் பார்க்கிற கிராக்கியின் நாக்குக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கவேண்டிய இந்தத் தொழிலில் இதுவரை ஒரு குறையும் சொல்லாத ஒரே ஆள் மீன்தான், அதுவும் வருவதற்கு முன்னாலேயே செத்துவிட்டதால்.