ஒரு லோடு சேறு

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் எனக்குத் தூக்கம் இலவசம். போன வாரம் குடவாசல் பஸ்ஸிலும் அப்படித்தான். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. இருபுறமும் விளைந்து தலைசாய்ந்த நெல். நானும் தலைசாய்ந்து... வயல்களெல்லாம் மெல்ல நகர்ந்து எங்கோ புறப்பட்டுப் போவதாக ஒரு கனவு.

கண்டக்டர் தோளைத் தட்டினார். "சார், பாய் ஷெட்டு வந்துடுச்சு. எறங்குங்க."

பாய் என்றால் ரஹ்மத்துல்லா. என் பழைய நண்பர். துபாயில் பல வருடம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ரோட்டோரம் ஒரு தகர ஷெட் போட்டவர். அறுவடை மெஷின்கள் நம் பக்கம் வர ஆரம்பித்த காலம் அது. ஆனால் நம் வயல் லேசுப்பட்டதா? களிமண். ஐப்பசி மழைத் தண்ணீர் தை வரைக்கும் வடியாது. வெளியூர் மெஷின் இறங்கினால் வயிறு வரை புதைந்து நிற்கும். இழுக்கப் போன டிராக்டரும் பக்கத்திலேயே புதையும்!

மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாய் யோசித்தார். மெஷின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினில் அகலமான இரும்புப் பட்டைகளைச் சேர்த்துப் பார்த்தார். எடை பரவியது. மெஷின் புதையாமல் நகர்ந்தது.

பட்டைகளைப் பற்றவைத்தவன் முருகேசன். பாயிடம் தொழில் கற்றவன். அவன் வைத்த பட்டை நிற்கும். வேறு யார் வைத்தாலும் பாதி வயலில் பிய்த்துக்கொள்ளும்.

பிறகு வந்தது கோயம்புத்தூர் ஆசை. அங்கே ஒரு கம்பெனிக்காரர் பார்ட்னராகச் சேரக் கூப்பிட்டார். லேத் உண்டு, ஆள் உண்டு, கரண்ட் உண்டு. பாய் கிளம்பிவிட்டார். முருகேசனை அம்போவென்று விட்டுப் போக மனமில்லை. துபாயில் தன் பழைய ஃபோர்மேனிடம் சொல்லி, அவனுக்கு விசா ஏற்பாடு செய்து கொடுத்தார்.

கோயம்புத்தூரில் எல்லாம் இருந்தது — சேறு மட்டும் இல்லை. மெஷினை எதில் ஓட்டிப் பார்ப்பது? குடவாசலிலிருந்து லாரியில் ஒரு லோடு சேறு போயிற்று. சிரிக்காதீர்கள், நிஜம். கம்பெனி வாசலில் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். அந்த ஊர் வெயிலில் அது செங்கல்லாகிவிட்டது. அதன் மேல் மெஷின் கல்யாணக் கார் மாதிரி ஜம்மென்று போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதே மெஷின் நம் வயலில் இறங்கியது... பட்டைகள் பிய்த்துக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே புதைந்தது. பார்ட்னர் கையை விரித்துவிட்டார். பாய் பழைய ஷெட்டுக்கே திரும்பினார்.

இடம் திரும்பக் கிடைத்தது. யோசனை தலையிலேயே இருந்தது. பற்றவைக்கும் கை மட்டும் துபாயில்.

"இந்த அறுவடைக்குள்ள ஒரு மெஷினாவது புதையாம ஓடணும் சார். இல்லாட்டி ஷெட்டப் பூட்டிட வேண்டியதுதான்" என்று போனில் சொன்னார். அதனால்தான் போன வாரப் பயணம். முருகேசன் லீவில் வந்திருந்தான். லீவு முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து பட்டைகளை அவனே பற்றவைத்திருந்தான். மறுநாள் அவனுக்கு ஃப்ளைட்.

மெஷின் வயலில் இறங்கியது. 'சதக்'கென்று ஒரு சத்தம். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

அது மெதுவாக, நெல்லை வாங்கிக்கொண்டே, பனிக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் மெஷினைக் காணோம். சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. பஸ்ஸில் கண்ட கனவுதான் இன்னும் ஓடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். மறுகோடி வரப்பைத் தொட்டுவிட்டு அது திரும்பி வந்தபோது கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் — பாய் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"பாய், கண்ணத் தொறங்க. ஓடுது" என்றான் முருகேசன்.

திறந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "முருகேசா... இங்கயே இருந்துடேன்டா."

முருகேசன் காலில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தான். "பாப்பா காலேஜ் முடிக்கணும் பாய். இப்ப முடியாது. வேற யாருக்காச்சும் கத்துக்குடுங்க."

"கத்துக்குடுத்தா அவனுக்கும் விசா வந்துடும்டா!"

"வரட்டுமே பாய். அவன் கெளம்பறதுக்குள்ள நான் வந்துடுவேன்."

பாய் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் முருகேசனும் ஏறினான், பெட்டியோடு. ஜன்னல் சீட்டை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். நான் செய்த பெரிய தியாகம் அது! அன்று தூக்கமும் வரவில்லை.

தொழில் வளர என்ன வேண்டும் என்று பெரிய ஹோட்டல்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நல்ல இடம், புது யோசனை, வேலை தெரிந்த ஆள். சரிதான். ஆனால் மூன்றும் ஒரே பஸ்ஸில் வருவதில்லையே...

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். பாய் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தார் — அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.