அரைத் தட்டுப் பிந்தி வரும் குரல்

போன புதன்கிழமை காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து தேநீரைக் கையில் எடுத்தபோது ரீட்டாவின் அழைப்பு வந்தது. ரீட்டா, என் நண்பர் பெர்னாட்டின் மனைவி. மூன்று மாதங்களாக அவருடைய பெயர் தொலைபேசியில் விழும்போதெல்லாம் எடுப்பதற்கு முன் சற்றுத் தயங்குவேன். அன்றும் தயங்கித்தான் எடுத்தேன்.

"நிஸாம், அவர் போயிட்டார்" என்றார்.

மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னா லில்லாஹியை என் வாய் பழக்கத்தில் சொன்னது. ரீட்டா "ஓம்" என்றார். அந்தப் பக்கம் யாரோ கதிரைகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது.

முந்தல் பக்கம் வள்ளம் வைத்திருப்பவர்களுக்குப் பெர்னாட் எஞ்சின் திருத்துபவர். கடலில் நின்றுபோன எஞ்சினைக் கரைக்கு இழுத்து வந்தால் முதலில் அவர் வாசலில்தான் இறக்குவார்கள். அதிகம் பேசமாட்டார். பிழை உங்களுடையது என்றால் முகத்துக்கு நேரே சொல்வார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் ஊரில் இருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே அவர் இன்னொரு ஆளாகவும் ஞாபகம் இருப்பார். 'சோழகம்' இசைக்குழுவில் கிற்றார் வாசித்த பெர்னாட். அந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன் நான்.

தென்மேற்கிலிருந்து அடித்துக் கடலைக் கலக்குகிற காற்றின் பெயரைக் குழுவுக்கு வைத்தவர் எங்கள் பாடகர் சீலன். உடப்பைச் சேர்ந்தவர். பேஸ் வாசித்த நண்பர் பிறகு இத்தாலிக்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் நால்வரும் சிலாபம் தொடங்கிக் கற்பிட்டிவரை மாதா கோயில் திருநாள்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்தோம். என் வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெர்னாட் ஒருநாள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து வாப்பாவோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போனார். என்ன கதைத்தார் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாப்பா சாப்பிடும்போது என்னைக் கூப்பிடத் தொடங்கினார்.

பெர்னாட்டிடம் ஒரு குணம் இருந்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமல் விடமாட்டார். இந்தக் கிற்றார் இங்கிலாந்துக்காரர்களின் பழைய குழுவிலிருந்து வந்தது, இந்த டிரம்ஸ் அடி நீர்கொழும்பின் பைலா ஆட்டப் பாட்டுக்காரர்களுடையது, இந்த வளைவு கோயில் பாண்ட் வாத்தியக்காரர்களின் ஊதுகுழலிலிருந்து எடுத்தது என்பார். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பிடித்த பாட்டைப் பற்றியும் அப்படிச் சொல்லிச் சண்டை வாங்கியிருக்கிறார். "வாங்கிறதில பிழையில்ல. ஆரிட்ட வாங்கினதெண்டு தெரிஞ்சிருக்க வேணும்" என்பது அவர் சொல்.

சீலனுடைய பாட்டு அவரிடம் அகப்படாத ஒன்றாக இருந்தது. உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். முன்னால் நிற்பவர் ஒரு அடி பாடுவார். மற்றவர்கள் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பதில் பாடுவார்கள். சீலன் பதினான்கு வயதிலிருந்து வலை இழுத்தவர். நாங்கள் செய்த ஒரு பாட்டின் கடைசி வரிக்கு அவர் எப்போதும் அரைத் தட்டுப் பிந்தியே வந்தார். பெர்னாட் மூன்று தடவை நிறுத்தினார். நான்காம் தடவை கோபத்தோடு, "நீ பிந்துறாய்" என்றார்.

சீலன் சிரித்தார். "கயித்த இழுத்துப்போட்டுத்தானே அண்ணன் வாய் திறக்கலாம்."

பெர்னாட் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தார். அடுத்த சுற்றில் அந்த இடைவெளி வந்தபோது, மேலிருந்து கீழே இறங்குகிற மூன்று சுரங்களைக் கிற்றாரில் போட்டார். அது முடிகிற இடத்தில் சீலனின் குரல் வந்து விழுந்தது. நான் அடிப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டைத்தான் பிறகு சிலாபத்தில் ஒரு சிறிய அறையில் கேசட்டாகப் பதிந்தோம். திருநாள் கடைகளில், மெழுகுதிரிக்கும் செபமாலைக்கும் நடுவில் வைத்து விற்றார்கள்.

இனிச் சொல்வதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேஸ் வாசித்தவர் அதற்குள் இத்தாலிக்குப் போய்விட்டார். மூவருமாகக் கற்பிட்டிப் பக்கம் ஒரு கோயில் திருநாளில் விடியும்வரை வாசித்தோம். காலைப் பூசை முடிந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, சாமான்களை வேனில் ஏற்றினோம். திரும்பும்போது வேன் ஓட்டுவது என் முறை. அதற்காகவே இடையில் ஒரு மணித்தியாலம் என்னைப் படுக்க விட்டிருந்தார்கள். பெர்னாட் கண் மூடவே இல்லை. ஆனால் எனக்குத் தலை கனத்தது. "நீ ஓட்டு, எனக்கு ஏலாது" என்று வேன் திறப்பைப் பெர்னாட்டின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் டிரம்ஸுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

பாலாவிச் சந்தியைத் தாண்டி மதுரங்குளிக்குக் கிட்ட வரும்போது பத்து மணி இருக்கும். நல்ல வெயில். தெருவோரத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று நின்றிருந்தது. பெர்னாட்டின் கண் செருகியது ஒரு கணம்தான். வேன் அதில் போய் மோதியது. நான் கண் விழித்தபோது என் வலது கால் டிரம்ஸுக்கும் ஆசனத்துக்கும் நடுவே மடிந்து கிடந்தது. முன்னால் இடப்பக்கம் இருந்த சீலன் சத்தமே போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பெர்னாட்டின் மடியில் உயிர் போனது. சீலனுக்கு இருபத்தாறு வயது.

பொலிசார் கேட்டபோது பெர்னாட் சொன்னது ஒரே வசனம். "நான்தான் ஓட்டினன்." நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். யார் ஓட்டியிருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. காலில் கட்டோடு நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் வாயும் திறக்கவில்லை. தண்டனையை ஒத்திவைத்து அவரை விட்டார்கள்.

சீலனின் அக்கா தவமணி விடவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர் அவர். எட்டாம் நாள் சடங்குக்குப் போன பெர்னாட்டை வாசலில் மறித்து, ஊர் கேட்க ஏசினார். பெர்னாட் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கிற்றாரை உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தார். எஞ்சின் வேலை பழகினார். ரீட்டாவைக் கலியாணம் செய்தார், ஒரு மகள் பிறந்தார். அந்த வீட்டில் வானொலி கிடையாது. மகளின் கலியாணத்துக்குப் பாட்டுக்காரரைப் பிடித்தபோது, வாத்தியம் தொடங்கியதும் எழுந்து களப்புக் கரைப் பக்கம் போய்விட்டார்.

நான் புத்தளத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றேன். மாதம் ஒருமுறையாவது அவரிடம் போவேன். அந்தத் திறப்பைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. ஒருமுறை நான் தொடங்கினேன். "விடு" என்று சொல்லி ஸ்பானரைக் கேட்டார்.

சென்ற வருடம் அவருக்குச் சுவாசப்பையில் புற்றுநோய் என்றார்கள். மகள் தூர இடத்தில். சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் வருவதும் என் பொறுப்பாயிற்று. அப்படி ஒருநாள் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பத்துளு ஓயாப் பாலத்தடியில் சாரதி வானொலியைப் போட்டார். புதுப் பாட்டு, கொழும்புப் பக்கத்து இளைஞர்களின் ரொக் குழு, 'ஏழாம் கட்டை' என்று பெயர் என அறிவிப்பாளர் சொன்னார். நிறுத்தச் சொல்ல நான் வாயெடுத்தேன். பெர்னாட் என் முழங்காலில் கை வைத்தார்.

முதல் ஒரு நிமிடம் பழைய பெர்னாட்டாக இருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். தொடங்குகிற கிற்றார் வெள்ளைக்காரக் குழுக்களின் கிற்றார்தான், ஆனால் சுருதியை இறக்கி அழுக்காக்கியிருக்கிறார்கள். டிரம்ஸ் பைலா அடி, வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பிறகு பாட்டின் கடைசி வரி வந்தது. இரைச்சல் எல்லாம் சட்டென்று நின்றது. கிற்றார் மட்டும் மூன்று சுரம் இறங்கியது. அதன்பின்தான் குரல்.

ஆட்டோவை ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். பாட்டு முடியும்வரை முன் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிஸாம்" என்றார், "சீலன் பிந்தி வாறான்."

என் மகள் அந்தக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. கிற்றார் வாசிக்கிறவரின் தாய் முந்தல் பக்கத்தவர். வாழ்க்கைப்பட்டுப் போகும்போது அந்தக் கேசட்டைக் கொண்டுபோயிருக்கிறார். சமைக்கும்போது அதைத்தான் போடுவாராம். யார் பாடியது என்று உறையில் எழுத்து அழிந்துவிட்டதாம், அந்தப் பாடகரைக் காண முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பெயரை மட்டும் எழுதும்படி பெர்னாட் சொன்னார். "மற்றதச் சொல்லாத. அதுகள் சந்தோஷமாப் பாடட்டும்."

அடுத்த கிழமை, தவமணியிடம் போக வேண்டும் என்றார். நான் தடுத்தேன். கேட்கவில்லை. உடப்பில் அதே வளவு. தவமணி முற்றத்தில் பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இருக்கச் சொல்லவில்லை. பெர்னாட் நின்றபடியே, ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் என்று கேட்டார். நான் கைபேசியில் போட்டேன். அந்த இடம் வந்தபோது தவமணி கைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். முடிந்ததும் சொன்னார்:

"இது ஆரோ பொடியன் பாடுறான். என்ட தம்பி இல்ல."

"ஓம் அக்கா. ஆனா அவன்ட பாட்டு இதுக்குள்ள இருக்குது. அதச் சொல்லத்தான் வந்தன்."

"அவன் இருக்க வேணும். பாட்டு இருந்து எனக்கென்ன?"

பெர்னாட் தலையசைத்தார். அது சரியான பதில் என்பதுபோல இருந்தது அந்தத் தலையசைப்பு. வாசல் படலைவரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அங்கே, அந்த முற்றத்தில், நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆறு கிழமையில் அவர் இறந்துபோனார்.

வியாழக்கிழமை பகல் அடக்கம். மரண வீட்டுக்குத் தவமணி வருவார் என்று நான் நினைக்கவில்லை. பதினொரு மணியளவில் பஸ்ஸில் வந்து இறங்கி, தனியாக, கொட்டகையின் கடைசிக் கதிரையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு வேன் ஓட்ட வேண்டியவன் நான், நித்திரை கொண்டு எழும்பிய ஆள் நான், திறப்பை அவர் கையில் திணித்தவன் நான் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"அவர் பொலிசுக்கும் சொல்லல்லயா?"

"இல்ல அக்கா."

"நான் வாசல்ல வெச்சு ஏசக்குள்ளயும் சொல்லல்ல."

"இல்ல."

தவமணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரையும் ஏசியிருக்க வேணும்" என்றார். "அந்த மனிசன் உங்கட பங்கையும் சேத்து வாங்கிக்கொண்டு போயிட்டார்."

என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. எழுந்து போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். ரீட்டா அவருக்கு இடம் விட்டார். தவமணி அழவில்லை, தொடவும் இல்லை. பெர்னாட்டின் முகத்தை மட்டும் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

எங்கள் கரையில் குழி வெட்டுவது கஷ்டமான வேலை. மணல் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். நான்கு பக்கமும் பலகை வைத்துப் பிடித்துக்கொண்டால்தான் பெட்டியை இறக்கலாம். கடல் பக்கத்துப் பலகைக்கு ஆள் போதவில்லை. நான் இறங்கிப் பிடித்தேன். என் பழுதான காலை மணலில் ஊன்றிக்கொண்டேன். குரு செபம் சொல்லி முடிக்கும்வரை, பின்னால் மணலின் பாரம் பலகையில் ஏறிக்கொண்டே இருந்தது. பெட்டி அடியில் பட்டதும் பலகையை விடச் சொன்னார்கள். விட்டேன். மண்வெட்டி தொடுவதற்கு முன்பே மணல் தானாக இறங்கி அவரை மூடியது.

போய் வாருங்கள், பெர்னாட். சொல்ல வேண்டியதைப் பிந்தித்தான் சொன்னேன். நீங்கள் கேட்கிற தூரத்தில் இல்லாதபோது சொன்னேன். அதை மன்னிக்கும்படி உங்களிடம் கேட்க எனக்கு முகமில்லை.