சிவப்பு வண்டிக்குப் புது மூக்கு

கார்களுக்குச் சத்தம் ஏற்றிக் கொடுப்பதுதான் அமீனின் பிழைப்பு. சத்தம் என்றாலே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் அவன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங் படித்துவிட்டு இந்தக் கூத்துக்குத் தாளம் போடுகிறோமே என்று தினமும் ஒரு தடவையாவது நொந்துகொள்வான். நொந்துகொண்டே ஸ்பேனரை எடுப்பான்.

கோபாலபுரம் ஸ்ரீகிருஷ்ணா வந்தபோதும் அப்படித்தான். அவன் வக்கீல். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை, நல்ல சிவப்பு, வாங்கி வந்திருந்தான். இஞ்சினுக்குக் காற்று இழுத்துக் கொடுக்கும் குழாயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்றான். ஏர் இன்டேக் என்று பேர், அமீன் கடையில் எல்லாரும் மூக்கு என்பார்கள். ஸ்ரீகிருஷ்ணா அரை மணி நேரம் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பனி விழும் ஊரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அமீன் பொறுமையாகத்தான் சொன்னான். கம்பெனிக்காரன் வைத்த பெட்டியே முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. திறந்த ஃபில்டர் வைத்தால் பானெட்டுக்குள் வேகிற சூட்டை இழுத்துக்கொண்டு, மே மாதம் கதீட்ரல் ரோடு சிக்னலில் வண்டி சோர்ந்துவிடும். பம்பருக்குக் கீழே வாய் வைக்கிற ரகம் இன்னும் மோசம். ஐப்பசி மழையில் தி.நகர் தெருவில் ஒரு தடவை போனால் இஞ்சின் தண்ணீர் குடித்துச் செத்துவிடும். மாற்றியே தீர வேண்டும் என்றால் மூடிய பெட்டி வைக்கலாம், சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"சத்தம் கேக்கலைன்னா அப்புறம் எதுக்கு பாய் மாத்தணும்?" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே அமீனுக்கு வாயில் பித்தளை ருசி வரும். கடைசியில் சூடு தடுக்கும் தகடு வைத்த திறந்த பஞ்சு ஃபில்டரில் வந்து நின்றார்கள். எண்ணெய் பூசிய பஞ்சு, கூம்பு வடிவம். அமீன் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் கூட்டமாக வண்டி ஓட்டும் குழு ஒன்று உண்டு. ஸ்ரீகிருஷ்ணாதான் அதற்கு வாட்ஸ்அப் அட்மின். கடைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அந்தக் குழுவிலிருந்துதான். அதில் ஒரு கெட்ட பேச்சு கிளம்பினால் அமீன் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மாட்டினான். பழைய பெட்டியைக் கழற்றி, காற்றை அளக்கிற சென்சாரைப் பதமாகப் பிடுங்கிப் புதுக் குழாயில் உட்கார வைத்தான். ஒரு கிளாம்ப் மட்டும் பிடி கொடுக்கவில்லை. வேறு கிளாம்ப் வாங்கி வர ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினான். இஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா வலியுல்லாவிடம் சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்து கிளாம்பை முடுக்கினான். மறுநாள் காலை வண்டி உறுமிக்கொண்டு கோபாலபுரம் போனது. அந்த உறுமலைக் கேட்டு அமீன் முகத்தைச் சுளித்தான்.

மூன்றாம் நாள் போன் வந்தது. அடையாறு பாலத்தின் மேல் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டதாம், டாஷ்போர்டில் இஞ்சின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறதாம். போலிச் சாமானை மாட்டிவிட்டாயா என்று ஸ்ரீகிருஷ்ணா கேட்டான். கேட்டதோடு நிற்காமல் குழுவிலும் போட்டுவிட்டான்.

வண்டி கட்டி இழுத்து வரப்பட்டது. அமீன் பானெட்டைத் தூக்கினான். புதுக் குழாயின் மேல் வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஃபில்டரைக் கழற்றி மூக்கருகே வைத்தான். சாம்பிராணி வாசம் குப்பென்று அடித்தது. சென்சாரின் கம்பியில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. புகையை இழுத்து இழுத்து சென்சார் குருடாகிவிட்டது, காற்று எவ்வளவு என்று இஞ்சினுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறது.

அவனுக்கு அருவருப்பு உச்சிக்கு ஏறியது. இத்தனை பாடுபட்டு மாட்டியதைப் பூஜை அறை ஆக்கிவிட்டார்களே. அதே சமயம், ஒரு பாய் உட்கார்ந்துகொண்டு உங்கள் பூஜையால் வண்டி கெட்டது என்று சொன்னால் இந்தக் காலத்தில் அது எங்கே போய் நிற்கும் என்றும் யோசித்தான். யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று அதுவும் கசந்தது. குழுவில் தன் பேர் நாறிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்ததும் துணிந்தான். போட்டோ எடுத்து, வீட்டில் சாம்பிராணி காட்டினீர்களா என்று ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. அம்மா ஏதோ பூஜை பண்ணினாள், அவள் வேலையாகத்தான் இருக்கும், சாரி பாய். குழுவில் போட்டதையும் அழித்துவிட்டான். அமீன் சென்சாரை மாற்றி, ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து எண்ணெய் போட்டான். உலகத்தில் தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்ற நினைப்பில் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்த வியாழக்கிழமை சாம்பிராணித் தட்டோடும் மயிலிறகோடும் பக்கீர் வந்தார். வாரா வாரம் அந்தத் தெருவில் கடை கடையாகப் புகை காட்டிவிட்டுப் போகிறவர். வழக்கமாக அந்த நேரத்தில் அமீன் சாப்பிடப் போய்விடுவான். அன்று போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் பானெட்டுக்குப் பக்கத்தில் வலியுல்லா அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். தட்டிலிருந்து எழுந்த புகை மேலே போகாமல் வளைந்து, கயிறு இழுத்த மாதிரி நேரே ஃபில்டருக்குள் போயிற்று.

"இன்னா பண்றீங்க அத்தா?" என்று அப்பாவைக் கேட்டான் அமீன்.

"பரக்கத்துடா, தொழில் செழிக்கும். சும்மா நிக்கிற வண்டிக்குக் காட்டினா மேலோட போய்டும். ஓடிக்கினு கீற வண்டின்னா உள்ள வரைக்கும் இழுத்துக்கும்."

"போன வாரமும் காட்டினீங்களா?"

"அந்தச் சிவப்பு வண்டிக்குத்தான் மொதல்ல. பெரிய எடத்து வண்டியாச்சே."

அமீன் போய் அந்த வண்டியின் இஞ்சினை அணைத்தான். பொட்டு வைத்தார்களா என்று பார்த்தவன், அப்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கவில்லையே. எந்த முதல் வருட இன்ஜினியரிங் பையனும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பான். தன் மேலேயே அவனுக்குச் சீ என்று வந்தது. அன்று மாலையே சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு கோபாலபுரம் போனான்.

ஸ்ரீகிருஷ்ணாவின் அம்மா விஜயலக்ஷ்மி வாசலிலேயே நின்றிருந்தார். பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர், எழுபதை நெருங்குகிறவர். அமீனைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"தெரியாம பண்ணிட்டேம்ப்பா. உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன். இனிமே அவன் வண்டிகிட்டயே போறதில்லைன்னு சொல்லிட்டேன்."

நாலு நாளாக அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அமீனுக்குப் புரிந்தது. பூஜை செய்யும்போது இஞ்சின் ஓடியதா என்று கேட்டான். எப்படி ஓடும், சாவி ஆரத்தித் தட்டிலேன்னா இருந்தது என்றார் அவர். சாம்பிராணி? அது எனக்கு இருமல் கொடுக்கும், ஆத்துல வாங்கறதே இல்லை, கற்பூரம் மட்டும்தான் என்றார். அப்படியென்றால் எப்படி நடந்தது என்று அவர் கேட்கவேயில்லை. பிள்ளை சொல்லிவிட்டான், வக்கீல், அதனால் தான்தான் செய்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தார்.

அமீன் ஸ்ரீகிருஷ்ணாவைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். பக்கீர், தட்டு, அப்பா, ஓடிய இஞ்சின், ஒன்றையும் விடவில்லை. தப்பு என் கடையில், உங்கள் அம்மா மேல் ஒன்றும் இல்லை, குழுவிலும் நானே எழுதுகிறேன் என்றான்.

ஸ்ரீகிருஷ்ணா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தான். அமீனின் தோளைத் தட்டினான்.

"விடுங்க பாய். அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இவ்ளோ பெரிய கதை சொல்றீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்? குரூப்ல நான் எழுதறேன்."

கதை இல்லை, நிஜம் என்று அமீன் இன்னொரு தடவை சொன்னான். சொல்லச் சொல்ல அவனுடைய பெருந்தன்மை அந்த வீட்டில் வளர்ந்துகொண்டே போனது. ஸ்ரீகிருஷ்ணா சாவியை வாங்கிக்கொண்டு சத்தம் கேட்கப் போய்விட்டான். தெருவே அதிர வண்டி உறுமியது. எதிர் வீட்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

விஜயலக்ஷ்மி காபி கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"என் பிள்ளை என்னைத் திட்டினான். நீங்க என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றேள். உங்க அப்பாட்ட சொல்லுங்கோ, நன்னா வளர்த்திருக்கார்னு."

அமீன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காபி நன்றாகத்தான் இருந்தது, அவன் பாதியிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.