தேரன்று விற்காத ரிக்கற்

எங்கள் ஊர் ரயில் தரிப்பிடத்தை மூட வைத்தது நான்தான். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அறுபதுகளில் அது ஒரு தகரக் கொட்டகையும் உட்கார ஒரு வாங்கும் ரிக்கற் கொடுக்கும் சின்ன ஜன்னலும்தான். அங்கே காலை ரயிலில் ஏறி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கப் போய்வந்தேன். "கோச்சி வாசலுக்கு வாறவரைக்கும்தான் உன்ரை உத்தியோகம்" என்று என்னைப் பெற்ற ஐயா, ரயிலைக் காட்டி முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால், ஏறுகிற ஆட்கள் குறைவு, மூடப்போகிறோம் என்று ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தபோது, என் உத்தியோகமும் போய்விடும் என்று தெரிந்தது.

ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்று ஊருக்காகப் பதில் எழுதியது நான். எந்த நாளில் வரலாம் என்றும் நானே குறிப்பிட்டேன்: எங்கள் பிள்ளையார் கோயில் தேர் நாள். சனத்தைப் பார்த்து மனிதர் அசந்துபோவார் என்று நினைத்தோம்.

வந்தார். ரயில் நின்றதும் சனம் பொலபொலவென்று இறங்கியது. அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம். நான் லீவு போட்டுவிட்டுப் பட்டுச்சேலையில் நின்றேன். அவர் ஜன்னலடிக்குப் போய், ரிக்கற் விற்ற கொப்பியைப் புரட்டினார்.

"ஏறுற ஆக்கள் எங்கை?" என்று கேட்டார்.

தேரன்று எங்கள் ஊரார் யாராவது ஊரை விட்டு வெளிக்கிடுவார்களா? வந்தவர்களும் திரும்பிப் போவதற்குச் சேர்த்தே, ஏறிய இடத்தில் ரிக்கற் எடுத்திருந்தார்கள். கொப்பியில் அன்றைய பக்கம் வெறுமையாகக் கிடந்தது. 

அடுத்த மாதம் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள்.

"இனி வேலையை விடு" என்றார் ஐயா.

"விடமாட்டன். கொடிகாமம் ஸ்டேசனுக்கு நடந்து போய் ஏறுவன்."

இரண்டு மைல். மாரியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பத் திறக்கச் சொல்லி மாதம் ஒரு கடிதமும் எழுதினேன். பதில் வரவில்லை என்பதற்காக ஒரு மாதமும் நிறுத்தவில்லை.

அடுத்த வருடத் தேருக்கு நான் லீவு போடவில்லை. கொடிகாமத்தில் இறங்கிய சனம் தண்டவாளத்தோரமாக எங்கள் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தேன். பெரியம்மா கையைப் பிடித்து மறித்தார்.

"எங்கையடி போறாய்? தேர் இஞ்சாலையெல்லே!"

"ரிக்கற் எடுக்கப் போறன், பெரியம்மா" என்றேன். "போன வருசம் எடுத்திருக்க வேணும்."