தேடிக்கொண்டிருக்கிறோம் என்றவர்களைப் பார்க்க நெய்யாற்றின்கரை போனது

இஞ்சிவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸுக்கு இருபது ரூபாய். நம் சபையார்க்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லாரும் போய் வருகிறவர்கள்தான். ஆனால் நான் போன காரியத்துக்கு உங்களில் யாரும் போயிருக்க மாட்டீர்கள். போக வேண்டியும் வர வேண்டாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஜெபக்கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லவே கூசுகிறவள். சபைப் பத்திரிகையில் எழுதிவிடுங்கள் என்று போதகர் ஐயா சொன்னதால் எழுதுகிறேன்.

என் மகன் ஸ்டான்லி டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரன். ஒரு தீவு நாட்டில் ஹோட்டல் கட்டுகிற வேலைக்குப் போனான். நாட்டின் பேரை எழுதவில்லை. எழுதினால் ஒரு பெண்ணின் வேலை போய்விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே பெரும் புயல் அடித்தது. அதோடு அவனுடைய போன் நின்றது. எப்போது எழுதிக் கேட்டாலும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஒரே பதில்தான் வரும்: தேடிக்கொண்டிருக்கிறோம். மருமகள் ஷோபா அதை நம்பி இருந்தாள். நானும்தான்.

அந்த அமைச்சகத்து ஆட்களே நெய்யாற்றின்கரைக்கு வருகிறார்கள், உங்களைக் கூப்பிட்டிருக்கிறது என்று வார்டு மெம்பர் வந்து சொன்னார். நம் டெல்லி அரசாங்கம் அவர்களுக்கு உதவி செய்து, அங்கே திட்டமிடுகிற பிரிவு ஒன்று உண்டாக்கிக் கொடுக்கிறதாம். இடவப்பாதி மழைக்கு முன்னால் நாம் விறகை உள்ளே எடுத்து அடுக்குகிறோம் அல்லவா, அதுபோல நாளைக்கு வரப்போகிற காரியத்தை இன்றைக்கே யோசித்து வைக்கிற பிரிவு. அதற்குப் படிப்பிக்கிறார்கள். புயலில் ஆள் காணாமல்போன வீட்டாரிடம் கேட்டுப் படிக்க இங்கே கொண்டுவருகிறார்கள்.

காலை ஏழேகாலுக்கு ஷோபா என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். அவள் தையல் கடையில் வேலை செய்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"மாமி, வெக்கப்பட்டு இருந்துராதீங்க. ஆளு உண்டுமா இல்லியான்னு நேராட்டு கேளுங்க. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா மதி."

பாறசாலையில் பஸ் நிறைந்தது. பக்கத்தில் இருந்த பெண் எங்கே போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்றேன். வெளியுறவு அமைச்சகம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் சர்க்கரையா என்று கேட்டு, பாகற்காய் சாறு குடிக்கச் சொன்னாள். அமரவிளை பாலம் கடக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதரை மணிக்குக் கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் இருந்தேன். ஏசி குளிர். வெளிநாட்டு ஆபீசர்கள் ஒரு பன்னிரண்டு பேர் மேசை மேசையாக இருந்தார்கள். டெல்லியிலிருந்து வந்த மேடம் மலையாளி. எங்களுக்குத் தமிழிலும் அவர்களுக்கு இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். என்னைத் தவிர இரண்டு வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். வந்த கதையைச் சொன்னார்கள். என் கதைக்கு முடிவு இல்லாததால், அதையே எடுத்து ஒத்திகை பார்க்கலாம் என்றார் மேடம். இன்றைக்கு அதே புயல் அடித்தால் ஸ்டான்லியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்கள் செய்து பார்ப்பார்கள். இது நிஜம் இல்லை அம்மா, பயிற்சி மட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன்.

முதல் படியிலேயே தடுக்கிவிட்டது. எந்த மாநிலம் என்று கேட்டார்கள். கேரளம் என்றேன். ஆனால் ஸ்டான்லி பாஸ்போர்ட் எடுத்தது ஷோபாவின் வீட்டில் இருந்தபோது. அது களியக்காவிளை, தமிழ்நாடு. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கேரளத்துக்குத் தகவல் சொல்ல ஒரு மேசை, தமிழ்நாட்டுக்கு ஒரு மேசை என்று பிரித்து வைத்திருந்தார்கள். அவனுடைய பேர் எழுதின அட்டை இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் வெகுநேரம் போய் வந்தது. அதற்குள்தானே எங்களுக்கும் இரண்டு வருஷம் போனது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மேடம், அதை விடுங்கள், ஆள் கிடைத்துவிட்டான் என்று வைத்து மேலே போங்கள் என்றார்.

கடைசிப் படி வீட்டுக்குப் போன் செய்வது. அவர்களில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலை, தெரேசா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பேர் அது இல்லை. முப்பது வயது இருக்கும், நம்மைப்போல் கறுத்த நிறம், கழுத்தில் சிலுவை. என் முன்னால் ஒரு போனை வைத்தார்கள். அவள் காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். மேடம் தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்."

பயிற்சி என்று தெரியும். தெரிந்தும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன்.

தெரேசா காகிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மேடம் நல்ல கேள்வி என்றார். இடத்தின் பேரையும் சொல்ல வேண்டும் என்று ஒருவர் மஞ்சள் காகிதத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எல்லாரும் மெதுவாகக் கை தட்டினார்கள். ஷோபா சொல்லிவிட்டதைக் கேட்க எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. மத்தியானம் சோறும் அவியலும் நெய்மீன் கறியும் போட்டார்கள். என்னால் பிசையத்தான் முடிந்தது.

இரண்டரை மணிக்கு வேனில் எங்களை வீட்டில் விடப் புறப்பட்டார்கள். ஆபீசர்களும் எல்லையைப் பார்க்க வந்தார்கள். டிரைவர் சசி துபாயில் வண்டி ஓட்டினவன், இங்கிலீஷ் தெரியும். காலையில் நடந்த கூத்தை அவனும் கேள்விப்பட்டிருந்தான்.

"அம்மச்சிக்க ஊர்ல கோழி எந்த ஸ்டேட்ல முட்டை இடுதுன்னு கோழிக்கே தெரியாதாக்கும்" என்றான். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உதியன்குளங்கரையில் திரும்பி, செங்கல் கோயிலில் நிறுத்தினார்கள். அங்கே இருக்கிற பெரிய லிங்கத்தை விருந்தாளிகளுக்குக் காட்ட மேடம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு முட்டுவலி, இறங்கவில்லை. தெரேசாவும் இறங்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் இருந்தாள். சசியிடம் நெடுநேரம் இங்கிலீஷில் பேசினாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னான்:

"அம்மச்சி, எனக்க வாயால இதைச் சொல்ல ஒக்காது. மேடம் வரட்டு."

மேடம் வருவதற்கு முன்னால் சொல்லிவிடு என்று தெரேசா அவனுக்குக் கையைக் காட்டினாள்.

"சொல்லு மக்கா. கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவன் திரும்பாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். துறைமுகத்தில் ஐஸ் பாக்டரியை ஒட்டின ஷெட்டில் வேலைக்காரர்கள் படுத்திருந்தார்கள். புயல் அடித்த இரவில் கடல் அதற்குள் வந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பாக்டரிக்குப் பின்னால் ஒரே குழி வெட்டி எல்லாரையும் போட்டார்கள். பேர் கேட்டு எழுதுவது யாருடைய வேலை என்று அவர்கள் அமைச்சகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அமைச்சகத்திலிருந்து இவளைத்தான் அனுப்பினார்கள். இவள் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பிறகு சசி அவளுடைய சொல்லை அப்படியே சொன்னான்.

"'தேடுதோம்னு எழுதினது நாங்க. ஆனா தேடல்ல. ஒரு நாளும் தேடல்ல.' இப்பிடியாக்கும் இந்தப் பிள்ளை சொல்லுது, அம்மச்சி."

ஐஸ் பாக்டரி மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஸ்டான்லி போனில் சொன்னது எனக்கு நினைவு வந்தது. குழிக்கு முன்னால் யாராவது ஜெபம் பண்ணினார்களா என்று கேட்கச் சொன்னேன். தெரேசா இல்லை என்று தலையாட்டினாள். மழையாம், லாரிக்காரனுக்கு அவசரமாம். அவள் அழுதாள். என் கையைப் பிடித்தாள். நான் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதற்குள் மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர்கள் போட்டது நல்ல திட்டம்தான். இனி அங்கே புயல் அடித்தால் ஒரு தாய்க்கு மூன்று நாளில் பதில் போகுமாம். ஆனால் நம் ஊரில் ரோட்டில் ஒரு மாடு செத்துக் கிடந்தாலும், யாருடைய மாடு என்று கேட்டுவிட்டுத்தான் குழி வெட்டுவார்கள். அதற்குத் திட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

நான்கு மணிக்கு இஞ்சிவிளையில் இறங்கினேன். ஷோபா கடையில் சொல்லிவிட்டு முன்னமே வந்து நின்றாள். வீடுவரை அதைச் சுமக்க முடியாது என்று ரோட்டிலேயே சொல்லிவிட்டேன். அவள் கேட்டு முடிக்கும்வரை குடையை விரிக்கவில்லை, தூறிக்கொண்டிருந்தது.

"அப்போ இந்த ரெண்டு வருஷமும் ஜெபத்துல, கொண்டு வாரும் கொண்டு வாரும்னு நான் கேட்டது ஆரை மாமி?"

குடையை வாங்கி அவளுக்கு மேல் விரித்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் போதகர் ஐயாவிடம் போனோம். பெட்டி இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை, கண்டவள் பேரை வெளியே சொல்லவும் முடியாது, மரண மணி அடிக்கலாமா என்று கேட்டோம். அவர் மணி அடிக்கிற கோயில்குட்டியைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்.

புதன்கிழமை பகல் பத்து மணிக்கு மணி அடித்தபோது, யார் மரித்தது என்று உங்களில் பலர் ரோட்டில் நின்று கேட்டீர்களாம். எந்த வீட்டிலும் பந்தல் போடாததால் ஆள் தெரியாமல் வேலைக்குப் போனீர்களாம்.

மரித்தது என் மகன் ஸ்டான்லி.