பஞ்சு மூடிய வெள்ளிக்கிரகம்

நேற்று பல் டாக்டரிடம் காத்திருந்தபோது டிவியில் வெள்ளிக்கிரகத்தைக் காட்டினார்கள். ரேடார் எடுத்த படமாம். விண்கற்கள் மோதிய பள்ளங்கள், வட்டம் வட்டமாக. பக்கத்திலிருந்தவர், "பணியாரச் சட்டி மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குப் பல்வலியே மறந்துபோகிற அளவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார்? அது அறுபதுகளின் கோபம், இன்னும் ஆறவில்லை.

அப்போது நானும் எஸ்தரும் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியைகள். நான் தமிழ், அவள் விஞ்ஞானம். இலஞ்சியிலிருந்து சைக்கிளில் வருவாள். அதற்கே ஊர் பேசியது. சாரல் காலத்தில், ஈரப்புடவை வாசனையோடு உட்கார்ந்து எனக்கு ரேடார் சொல்லுவாள்.

"ஏட்டி, குத்தால மலைய மேகம் மூடிட்டா மல இல்லாமயா போச்சு? வெள்ளியும் அப்படித்தான். ரேடியோ அலைய அனுப்புதாங்க. மேகத்துக்குள்ள நுழைஞ்சு தரையில பட்டுத் திரும்பி வருது. பள்ளத்துல பட்டது கொஞ்சம் பிந்தி வரும். ஒருநா படமே வந்துரும் பாரு."

பள்ளிப் பொருட்காட்சிக்கு அவள் மாணவிகள் தாம்பாளத்தில் களிமண் பரப்பி, கூழாங்கல் எறிந்து பள்ளம் பண்ணி, மேலே பஞ்சு மூடினார்கள். கம்பியைப் பஞ்சுக்குள் இறக்கி ஆழம் அளந்து தாளில் குறித்தால், பார்க்காத தரை படமாகிவிடும். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளாளர் வந்தார். பஞ்சைப் பிய்த்தார்.

"என்ன டீச்சர், பணியாரச் சட்டியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"வெள்ளிக்கிரகம் சார்" என்றாள் எஸ்தர்.

"நீங்க போயிப் பாத்தீங்களோ?"

"போகாமப் பாக்கதுக்குத்தான் சார் ரேடாரு."

சிரிப்பு நின்றது. தாம்பாளத்தை வெளியே வீசச் சொன்னார். மழையில் களிமண் கரைய, பிள்ளைகள் அழுதார்கள். "அவ சரியாத்தான சார் சொல்லுதா" என்றேன். தலைமையாசிரியை என் கையைக் கிள்ளினார்.

அடுத்த வாரமே விஞ்ஞானத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளுக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். வேறு வேலை தேடச் சொன்னேன். "அப்பா படுத்துக் கெடக்காரு. எங்கன போவேன்?" என்றாள்.

ரேடார் படங்கள் பேப்பரில் வந்த நாளிலும் தையல்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், தலை நரைத்து. பேப்பரோடு ஓடினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒனக்குக் கோவமே வரல்லையாட்டி?"

"வருது. இத்தன வருசத்துப் பிள்ளைக எல்லாம் இதத் தெரியாமயே போயிட்டுல்லா."

இப்போது எஸ்தர் இல்லை. பள்ளியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். முகப்பில் தாளாளரின் சிலை. கீழே 'கல்வி வள்ளல்' என்று பொன்னெழுத்தில். யார் வீட்டுக் கல்யாணமானாலும் நான் அந்தப் படியை மிதிப்பதில்லை.